டிஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்கு அடித்த காற்று

பத்து வருஷம் ரஃபிங் மெஷினில் நின்றேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி. ஷூவின் மேல்தோலை அச்சில் மாட்டி இழுத்தபின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். அப்படியே சோல் வைத்தால் ஒட்டாது. சுற்றுகிற கம்பி பிரஷ்ஷில் ஓரத்தைப் பிடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அதுதான் ரஃபிங். தோல் தூசு பறக்கும். உறிஞ்சுவதற்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். அது உறிஞ்சியது போக மீதியை நாங்கள் உறிஞ்சினோம்.

இருமல் பிடித்தது. போகவில்லை. வேலூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தூசுல இருந்து வெளிய வந்துடும்மா."

"வரலன்னா?"

"மாத்திரை ஜாஸ்தியாவும். மூச்சு கம்மியாவும்."

அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது கம்பெனிக்குள் தூசு இல்லாத இடம் எது என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். கட்டிங்கில் ஆம்பிளைகள் மட்டும். ஸ்டிச்சிங் எனக்கு வராது, முன்பு முயன்றதில் விரலில் ஊசி ஏறியதுதான் மிச்சம். ஆபீஸுக்கு டிகிரி. மிச்சம் இருந்தது மாடியில் சிஸ்டம் ரூம். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே ஒரே ஒரு ஆள். அவர் ஒரு அசிஸ்டன்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கம்பெனி பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

"முப்பத்தினாலு வயசுல கம்ப்யூட்டரா?"

"தூசு இல்லாத வேலை."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. வெள்ளிதோறும் கிளாஸுக்குப் போனேன். பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் சென்டர். மிஸ்ஸுக்கு இருபத்திரண்டு வயது. புர்காவும் கையில் ஸ்க்ரூ டிரைவருமாக நிற்பார். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். மற்ற எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். முதல் நாள் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, பையன சேக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. உன் பக்கத்து சீட்டு."

அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மவுஸை நான் அமுக்கிய அமுக்கில் மிஸ் ஓடி வந்தார். "அக்கா, அது ஷூ இல்ல. மெதுவா." எழுத்தடிக்க மூன்று மாதம் பிடித்தது. ஆனால் மெஷினைக் கழற்றச் சொன்னபோது நான்தான் முதலில் கழற்றினேன். நெட் வயர் முனையில் பிளாஸ்டிக் தலை போடுவது எனக்கு உடனே வந்தது. எட்டு மெல்லிய வயர், எட்டு நிறம், வரிசை மாறக்கூடாது. சின்னதைப் பிடித்து நேராக்குவதுதானே பத்து வருஷமாகச் செய்த வேலை. காலேஜ் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். இங்கிலீஷ்தான் தகராறு. கம்ப்யூட்டர் தப்பு என்று ஏதாவது காட்டினால் அதை எழுத்தெழுத்தாக நோட்டில் வரைந்துகொள்வேன். கீழே மிஸ் சொன்ன வைத்தியத்தை எழுதுவேன். அடுத்த முறை அதே எழுத்து வந்தால் நோட்டோடு ஒத்துப் பார்ப்பேன். பத்து மாதத்தில் நோட்டு நிரம்பியது.

"ஐடி வேலைன்னா சென்னைல கண்ணாடி பில்டிங் இல்லியா மிஸ்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுவும் ஐடி தான் அக்கா. ஓடாத மெஷின ஓட வைக்கணும். அதுக்குப் பேரு சப்போர்ட்டு. அவங்க பில்டிங்லயும் இதுக்கு ஒரு ஆள் இருப்பாங்க."

சர்டிபிகேட் வந்த அடுத்த மாதம் கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சிஸ்டம் அசிஸ்டன்ட் ஒருவர் தேவை. உள்ளே இருப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு. ஒரு மாதம் டிரையல். மனு கொடுத்தது நான் ஒருத்திதான்.

லைனில் சிரித்தார்கள். "இன்னா ஐடி அம்மா, மேல போய்ட்டு எங்கள மறந்துடாத." "இவ இருமுனா கம்ப்யூட்டரே ஆஃப் ஆய்டும்."

சிஸ்டம் சார் வாணியம்பாடிக்காரர். பி.இ. படித்தவர், என்னைவிட ஆறு வயது சின்னவர். அவரும் அக்கா என்றார். நான் சார் என்றேன். மாதம் முடிந்ததும் என்னைப் பற்றி அவர் ஒரு ஃபாரம் எழுத வேண்டும். எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினால் நான் மாடியில் இருப்பேன். வேண்டாம் என்றால் திரும்ப ரஃபிங். இதை எச்.ஆர். ஆபீஸில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. பிரிண்டரில் சிக்கின காகிதத்தை எடுத்தேன். செத்த வயரை மாற்றினேன். ஏசி ரூமில் இருமல் பாதியானது. ஒரு நாள் முழுக்க இருமாமல் இருந்தேன். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றாவது வியாழக்கிழமை நடந்தது.

வியாழன் எங்களுக்குக் கிளீனிங் நாள். மறுநாள் லீவு என்பதால் நாலரைக்கு லைன் நிற்கும். ஆளுக்கொரு காற்றுப் பைப்பை எடுத்து அவரவர் மெஷினுக்கு அடிப்போம். கம்ப்ரஸரிலிருந்து கூரை வழியாக வருகிற காற்று, அடித்தால் தோல் துண்டே பறக்கும். மெஷினுக்கு அடித்து முடித்து ஒருத்திக்கொருத்தி முதுகில், தலையில், புடவையில் அடித்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் ஒரு வியாழன் தப்பியதில்லை.

அன்று சார் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று மணிக்கே போய்விட்டார். "பாத்துக்கங்க அக்கா" என்றார். நாலு மணிக்கு, சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்சிலிருந்து கூப்பிட்டார்கள். ஷூ பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்ப்யூட்டர் அங்கே இருக்கிறது. டிஸ்பாட்ச் அக்கா என்னைவிடப் பெரியவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்.

"ஆட்டோ மாதிரி கத்துது பாரு. பேஜாரா இருக்கு. சனிக்கிழம காலைல கண்டெய்னர். அதுக்குள்ள நின்னுடப் போவுது."

பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்து மூடியைக் கழற்றினேன்.

உள்ளே முழுக்கத் தோல் தூசு. மூக்குப்பொடி நிறம். ஃபேன் இறக்கைகளில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. போர்டு தெரியவில்லை. டிஸ்பாட்சுக்கும் ரஃபிங்குக்கும் நடுவில் ஒரு ஷட்டர்தான். நான் பறக்கவிட்ட தூசுதான் இது. டாக்டர் அந்த எக்ஸ்ரே படத்தில் என்ன பார்த்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலரை பெல் அடித்தது. ஷட்டருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் காற்றடிக்க ஆரம்பித்தார்கள். திறந்திருந்த ஷட்டர் ஓரமாக என் பழைய மெஷின் பைப் கையெட்டும் தூரத்தில் தொங்கியது. இழுத்தேன். அடித்தேன்.

ஃபேன் சங்கு மாதிரி ஊதிக்கொண்டு சுற்றியது. தூசு புகையாகக் கிளம்பியது. டிஸ்பாட்ச் அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "நல்லா அடி" என்றார். மூலை மூலையாக அடித்தேன். கரண்ட் வருகிற பெட்டியின் சல்லடைக்குள்ளும் அடித்தேன். போர்டு பச்சையாகத் தெரிந்தது. புதுசு மாதிரி இருந்தது. மூடியைப் போட்டேன், பிளக்கைச் செருகினேன், பட்டனை அமுக்கினேன்.

டப்.

ஒரே சத்தம். பின்பக்கம் ஒரு வெளிச்சம். பிறகு கருகின வாசனை. அப்புறம் ஒன்றுமே இல்லை.

டிஸ்பாட்ச் அக்கா நாற்காலியோடு பின்னால் போய்விட்டார். நான் பட்டன்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

"இன்னாடி ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கிளாஸில் சொல்லித்தந்தபடி பிளக்கைப் பிடுங்கினேன், மூடியைத் திறந்தேன், எல்லாம் செய்தேன். காற்றுதானே அடித்தேன். பைப் இன்னும் என் தோளில் கிடந்தது. எதற்கென்று தெரியாமல் அதை என் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தேன். கை ஈரமானது. இன்னொரு முறை அடித்தேன். பொடிப்பொடியாகத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் பிசுக்கு.

ஷூவுக்குக் கலர் அடிக்கிற ஸ்பிரே செக்ஷன் ஆட்கள் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு குழாயைத் திறப்பார்கள். காற்றோடு தண்ணீர் புஸ்ஸென்று வெளியே போகும். தண்ணீர் கலந்தால் ஷூவில் புள்ளி விழும் என்பதால். பத்து வருஷம் அதைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போனேன். ரஃபிங்கில் காற்றில் தண்ணீர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. யாரும் பார்ப்பதில்லை. ஸ்பிரேக்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

சாருக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"டிஸ்பாட்ச் மெஷின் போய்ட்டுது சார்."

"எப்டி?"

"நான் காத்து அடிச்சேன். கம்ப்ரஸர் காத்து."

மேளம் மட்டும் கேட்டது.

"சார், பேக்கப் இருக்கு இல்ல? லேபிள் ஃபைலுங்க?"

"இருக்கும்."

இருக்கு என்று சொல்லவில்லை.

"நீங்க எதுவும் பேசாதீங்க அக்கா. வோல்டேஜ்ல போச்சுன்னு சொல்லிக்கலாம். சனிக்கிழம நான் வந்து பாத்துக்கறேன்."

மாடிக்குப் போனேன். பேக்கப் டிஸ்க் அவர் டிராயரில் இருக்கும் என்று தெரியும். என் மெஷினில் மாட்டித் திறந்தேன். உள்ளே கல்யாண வீடியோ. அவர் தங்கச்சி கல்யாணம், ஏழெட்டுத் துண்டு. ரிசப்ஷன் தனி, பெண்ணழைப்பு தனி. அடியில் கம்பெனி பேரில் ஒரு ஃபோல்டர். திறந்தேன். இப்போது ஓடுகிற ஷூ மாடல் ஒன்றுகூட அதில் இல்லை.

டிராயரில் பேக்கப் ரிஜிஸ்டரும் இருந்தது. வாரா வாரம் வியாழனுக்கு டிக், கையெழுத்து. புரட்டினேன். இந்த வியாழனுக்கும் டிக் இருந்தது. அடுத்த வியாழனுக்கும் இருந்தது. மாதக் கடைசி வரைக்கும் போட்டு வைத்திருந்தார்.

நின்றுகொண்டே அதைப் பார்த்தேன். படித்தவர்கள் வேலையில் பொய் இருக்காது என்று நினைத்திருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. ரிஜிஸ்டரை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கீழே வந்தேன். டிஸ்பாட்ச் அக்கா அதே நாற்காலியில் இருந்தார்.

"என் கண்டெய்னரு?"

"உள்ள இருக்கற டிஸ்க் உயிரோட இருந்தா போவும்."

"இல்லன்னா?"

டிஸ்கைக் கழற்றி எடுத்தேன். டிபன் டப்பா மூடி அளவுதான் இருக்கும். முனையில் ஈரம். உடனே மாட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. மாட்டவில்லை. ஒருமுறை மாட்டிப் பார்த்ததுதான் டப்பென்று போனது.

"ஹீட்டர்ல வெச்சு எடேன்" என்றார் அக்கா. ஷூவைச் சூடேற்றிச் சுருக்கம் எடுக்கிற பெட்டியைச் சொன்னார்.

"வேணாங்க்கா. இன்னிக்கு ஒரு தப்பு போதும்."

பேக்கிங் மேஜைமேல் சிலிக்கா ஜெல் பாக்கெட் மூட்டை இருந்தது. கப்பலில் ஷூ பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பெட்டிக்கு ஒன்று போடுவோம், ஈரத்தை இழுக்கும். ஒரு காலி ஷூ பெட்டியை எடுத்தேன். பாதி வரை பாக்கெட் கொட்டி, டிஸ்கை வைத்து, மேலே மறுபடி கொட்டி மூடினேன். டேப் ஒட்டினேன். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, கேட்டில் பையைச் சோதிப்பார்கள், திருட்டு என்றாகிவிடும். அக்கா பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"வோல்டேஜ்னே சொல்லிடு" என்றார் அக்காவும். "அவரே சொல்றாரு இல்ல. உனக்கு இன்னா வந்துது?"

பஸ்ஸில் ஏறியதும் இருமல் வந்தது. அந்தத் தூசு மொத்தமும் என்மேல்தான் இருந்தது. அன்றைக்கு யாரும் என் முதுகில் காற்று அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளாஸ் எனக்கு முடிந்துபோன விஷயம். ஆனாலும் போனேன். மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"கம்ப்ரஸரா? அக்கா, கைல புடிக்கற சின்ன ப்ளோயர்னுதானே நான் சொன்னேன்."

"அதுவும் காத்துதானேன்னு நெனச்சேன்."

"நானும் சொல்லல. கம்ப்ரஸர்ல தண்ணி வரும்னு எனக்கே தெரியாது." ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தார். "டிஸ்குக்குள்ள சட்டுன்னு தண்ணி போவாது. பின்னு காயணும். ஆனா டப்புன்னப்ப கரண்ட் அதுக்குள்ளயும் போயிருந்தா அவ்ளோதான்."

"போயிருக்குமா?"

"மாட்டினாதான் தெரியும்."

அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன்.

"வேல போய்டுமா?"

"இது போனா ரஃபிங்."

"ரஃபிங்காவது இருக்கே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் ஆட்டோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை. நான் வருகிற ஆலங்காயம் பக்கத்து பஸ்தான் எப்போதும் முதலில் கம்பெனிக்கு வரும். அதில் நான்தான் முதலில் இறங்கினேன். பெட்டியைப் பிரித்தேன். டிஸ்கைத் துடைத்துத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மாடியில் என் மெஷினைத் திறந்தேன். இதே வேலையைக் கிளாஸில் இரண்டு முறை செய்திருக்கிறேன். அங்கே டிஸ்க் செத்தால் மிஸ் வேறு டிஸ்க் கொடுப்பார்.

வயரைச் செருகினேன். பட்டனை அமுக்க விரல் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

டப் இல்லை. மெல்லிய சுற்றல் சத்தம். ஸ்கிரீன் வந்தது. புது டிரைவ் ஒன்று காட்டியது. திறந்தேன். லேபிள் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுத்தேன். லேபிள் சாஃப்ட்வேர் என் மெஷினிலும் இருந்தது, ஃபைல்தான் இல்லாமல் இருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே போய் டிஸ்பாட்சில் வைத்து, லேபிள் பிரிண்டரை மாட்டினேன். முதல் லேபிள் வெளியே வந்தது. அக்கா அதைக் கிழித்து உற்றுப் பார்த்தார்.

"சைஸு சரி. கலரு சரி." அதை என் கையிலேயே ஒட்டினார். "போ, நீயும் கண்டெய்னர்ல ஏறிக்கோ."

கண்டெய்னர் இரண்டு மணி நேரம் லேட்டாகப் போனது. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். சார், அக்கா, நான். எலக்ட்ரீஷியனும் டெஸ்டரோடு நின்றார். அவரை யார் கூப்பிட்டது என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. வோல்டேஜ்.

"வியாழக்கிழம கரண்ட் லைன்ல இன்னா பண்ண?" என்று மேனேஜர் அவரைக் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல சார். வோல்டேஜ் சரியா இருந்துது."

"சரியா இருந்தா மெஷின் ஏன் வெடிக்குது? மெமோ குடுத்தாதான் உனக்கு ஞாபகம் வரும்."

எலக்ட்ரீஷியன் டெஸ்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சார் தரையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று.

"வோல்டேஜ் இல்ல சார். நான் காத்து அடிச்சேன்."

மேனேஜர் திரும்பினார். "இன்னா காத்து?"

"ரஃபிங் பைப்பு. அதுல தண்ணி இருந்துது. டிஸ்க காய வெச்சுதான் ஃபைல எடுத்தேன்."

"கம்ப்யூட்டருக்கா?"

"ஆமா சார்."

எலக்ட்ரீஷியன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

"யாரு அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வியாழக்கிழம. அடிச்சேன்."

அவரும் இந்தக் கம்பெனியில் அடிமட்டத்திலிருந்து வந்தவர். வியாழக்கிழமை என்றதும் மேலே கேட்கவில்லை. சார் பக்கம் திரும்பினார்.

"மெஷின் போச்சு. பேக்கப்ல இருந்து எடுக்க வேண்டியதுதானே? டிஸ்க ஏன் காய வெச்சா இந்தம்மா? ரிஜிஸ்டர எடு."

சார் எடுத்துவந்தார். நான் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் போனது. மேனேஜர் பக்கத்தைத் திருப்பினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"அடுத்த வியாழக்கிழமையும் எடுத்துட்டியாப்பா?"

யாரும் சிரிக்கவில்லை.

எலக்ட்ரீஷியனுக்குப் போக இருந்த மெமோ சாருக்குப் போனது. என்னிடம், "மாசம் முடியட்டும். ஃபாரம் இவருதான் எழுதணும். இவரு எழுதறதுதான்" என்றார் மேனேஜர். அத்தோடு அனுப்பிவிட்டார். மாடிப்படி ஏறும்போது சார் முன்னால் போனார், நான் பின்னால். என்னால்தான் அவருக்கு மெமோ. அவர் பேனாதான் எனக்கு ஃபாரம் எழுத வேண்டும். ரஃபிங் ஷட்டர் சத்தம் கீழேயிருந்து கேட்டது.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. அக்கா என்று கூப்பிடவில்லை. நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மெயில் போட்டார். இங்கிலீஷில். ஸ்டிச்சிங் இரண்டில் பிரிண்டர் நின்றிருக்கிறது, போய்ப் பார்க்கவும் என்று ஒரு மெயில். அதைப் படிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆனது. நோட்டை எடுத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்துத்தான் எழுந்து போனேன். முடித்துவிட்டு வந்து வாயால் சொன்னேன். அவர் திரும்பவில்லை. மெயிலில் ஒரு வரி வந்தது: மெயிலில் பதில் தரவும்.

இரண்டு விரலால் தட்டிப் பதில் போட்டேன். ஒரு சொல். முடிந்தது. அவ்வளவுதான் எனக்கு வந்தது.

ஒரு நாளைக்கு ஐந்தாறு மெயில். இரண்டாவது வாரம் இருபது நிமிஷம் ஐந்து நிமிஷமானது. ஒரு சொல் ஒரு வரியானது. எது கெட்டிருந்தது, எதை மாற்றினேன் என்று எழுதினேன். வியாழன் வந்தது. பேக்கப் நான் எடுத்தேன். மேனேஜர் மேலே வந்து, எடுத்ததைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். சார் அப்போதும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் தீரவில்லை என்று தெரிந்தது. வீட்டில் வீட்டுக்காரரிடம், "திரும்ப ரஃபிங்தான். அடுத்த மாசம் மாத்திரைக்குச் சொல்லி வைங்க" என்றேன்.

மாதக் கடைசி நாள் எச்.ஆர். ஆபீஸில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த பெண் ஃபாரத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

"படிக்கட்டுமா அக்கா?"

"நானே பாக்கறேன்."

இங்கிலீஷில் நாலு கட்டம். முதல் கட்டம், வேலை. தெரியும் என்று எழுதியிருந்தார். இரண்டாவது, இங்கிலீஷ். மெயில் படித்துத் தானே பதில் எழுதுகிறார். மூன்றாவது, குறை. கேட்காமல் செய்வார். நாலாவது கட்டத்தை நான் இரண்டு முறை எழுத்தெழுத்தாகப் படித்தேன். தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெண்ணையும் படிக்கச் சொன்னேன்.

"எடுத்துக்கலாம்னு போட்டிருக்காரு. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். போட்டேன்.

மாடிக்குப் போனேன். அவர் அதே மாதிரி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார். கோவத்துலதானே மெயில் போட்டீங்க?"

"ஆமா."

"அப்பறம்?"

"அப்பறம் நீங்க பதில் போட ஆரம்பிச்சிட்டீங்க." கீபோர்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் டிகிரி. ஒருத்தனும் என் மெயிலுக்குப் பதில் போட்டதில்ல."



லாக்கரைக் காலி செய்யக் கீழே போனேன். ஒரு சீப்பு, ஒரு டவல், பழைய ஏப்ரன். என் மெஷினில் வேறொருத்தி நின்றாள். என் வயதுதான் இருக்கும். அன்றைக்குத்தான் சேர்ந்தாளாம். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். புருவம், முடி, எல்லாம் மூக்குப்பொடி நிறம். நான் அந்த இடத்தைக் காலி செய்ததால்தான் அவளை எடுத்திருக்கிறார்கள். அது அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்கதான் மேல போன அக்காவா?"

"ஆமா."

"இந்தத் தூசு பழகிடுமாக்கா?"

லைனில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரும் நின்றார்.

"பழகாது" என்றேன்.

அவள் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு அடுத்த ஷூவை எடுத்தாள்.